அடிஸ் அபாபா – நைரோபி: தூரமும் நேரமும்

எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமும், கென்யாவின் தலைநகரான நைரோபியில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத் தலைமையகமும் உள்ளன. வணிகத்தின் பொருட்டு ஆப்பிரிக்கா செல்வோர் பலர் ஒரே பயணத்தில் இவ்விரு நகரங்களையும் காண விரும்புவர். அவர்கள் பயணச்சீட்டு வாங்குமுன் அறிய வேண்டியவை சில உண்டு.

அடிஸ் அபாபா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையிலும், நைரோபி தெற்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவிலும் அமைந்துள்ளன. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். இக்கணக்கின்படியும், நைரோபி சற்று மேற்கே தள்ளியிருப்பதைச் சேர்த்தும் பார்த்தால், வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,160 கிலோமீட்டர். டெல்லி – மும்பை தூரமும் ஏறக்குறைய இதுவே. மொயாலே எல்லை வழியாகச் செல்லும் சாலைத் தூரமோ 1,500 கிலோமீட்டருக்கும் மேல்.

மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இத்தூரம் ஒன்றரை மணி நேரமே. எனினும் கால அட்டவணையில் சுமார் இரண்டு மணி நேரம் குறிக்கப்பட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வேகம் குறைத்து இறங்குதல் ஆகியவை அக்கணக்கில் சேர்வதே காரணம். இரு நகரங்களுக்கும் நேர வேறுபாடு இல்லை. இரண்டும் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியவை.

ஆனால் கடிகாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. எத்தியோப்பிய மக்கள் அன்றாட வழக்கில் நாளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகின்றனர். நமது காலை 7 மணி அவர்களுக்குப் பகல் 1 மணி. நமது நண்பகல் 12 மணி அவர்களுக்கு 6 மணி. விமானச் சீட்டில் இருப்பதோ சர்வதேச முறை நேரம். காலை 8 மணி விமானத்துக்காக வாடகைக் கார் ஓட்டுநரிடம் "5 மணிக்கு வாருங்கள்" என்றால், அவர் அதை முற்பகல் 11 மணி என்று கொள்ளக்கூடும். விமானம் போய்விட்டிருக்கும்; புதிய சீட்டுக்கான செலவு நம்முடையதாகும். எனவே நேரம் சொல்லும்போது எந்த முறை என்பதை உறுதி செய்துகொள்வது நன்று.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் இன்றியமையாதது. இவ்விரு நாடுகளிலிருந்தும் ஆறு நாட்களுக்குள் இந்தியா திரும்புவோர் உரிய சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையேல் தனிமைப்படுத்தப்பட நேரிடும். ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். பின்னர் அது ஆயுள் முழுவதும் செல்லும். ஆதலால் கடைசி வாரத்துக்கு இதனைத் தள்ளிப்போடலாகாது.

பணத்தைப் பொறுத்தவரை, எத்தியோப்பியாவில் பிர்ரும் கென்யாவில் ஷில்லிங்கும் வழங்குகின்றன. பயணம் ஒன்றுக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டு நாணயத்தை ரொக்கமாகப் பெறலாம். எஞ்சிய தேவைக்கு அந்நியச் செலாவணி அட்டை ஏற்றது. ஊர் திரும்பியபின் மீதமுள்ள தொகையில் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

வானில் கழியும் நேரம் இரண்டு மணியே. அதற்கான ஆயத்தத்தைச் சில வாரங்கள் முன்னதாகவே தொடங்குதல் சிறப்பு.