யீபின் நகரும் இரண்டரை விமானமும்

பிரயாணிகள் பலவகையினர். கோயிலும் குளமும் காணச் செல்வோர் உளர். கடைவீதியே கதியெனத் திரிந்து மீள்வோரும் உளர். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவரோ எவ்வகையிலும் அடங்காதவர். பழைய ஆகாயவிமானங்கள், யுத்த சரித்திரம், யந்திர நுட்பம், பிற நாட்டு மதுவகைகளின் சுவை ஆகிய நான்கிலும் அவருக்கு அளவிறந்த மோகம். "இந்நான்கையும் ஒருங்கே காட்டவல்ல ஊர் உலகில் உண்டோ?" என்று ஒருநாள் வேடிக்கையாக வினவினேன். "ஏன் இல்லை? சீன தேசத்து யீபின்!" என்றார் அவர், சற்றும் தயங்காமல். அன்று அவர் தொடங்கிவைத்த கதையைப் பின்னர் நூல்களிலும் தேடிப் படித்தேன். அதனையே இங்கு வாசகர்முன் வைக்கின்றேன்.

சிச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில், மின் ஆறும் ஜின்ஷா ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது யீபின். யாங்சி என்னும் மாநதி அப்பெயரைப் பெறுவது அவ்வூரிலிருந்துதான். யுத்தகால ஏடுகளில் சுயிபூ என்ற பழம்பெயராலேயே இவ்வூர் குறிக்கப்பட்டிருக்கும்.

1937இல் ஜப்பானியர் சீனத்தின்மீது பெரும்படையெடுத்தனர். ஷாங்காய் வீழ்ந்தது, நான்கிங் வீழ்ந்தது. சீன அரசாங்கம் உள்நாட்டு மலைகளுக்கிடையே உள்ள சுங்கிங் நகருக்குப் பெயர்ந்தது. அரசாங்கம் மட்டுமா பெயர்ந்தது? துங்சி பல்கலைக்கழகம் தன் நூல்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு இடம் மாறி மாறி, ஈற்றில் 1940இல் யீபினை அடுத்த லீசுவாங் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரை வந்தடைந்தது. 1946 வரை அங்குள்ள கோயில் மண்டபங்களிலே வகுப்புகள் நடந்தன. பரீட்சை வந்தால் மின்விளக்கின் குறையைச் சொல்லும் நம் மாணவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கடற்கரை பகைவர் கையில் இருந்தபடியால், சுங்கிங்குக்கும் வெளியுலகுக்கும் இடையே விரைவான வழி வான்வழி ஒன்றே. அவ்வழியை நடத்தியது சீன தேசிய விமானக் கொம்பனி. சீன அரசுக்கு நூற்றுக்கு 55 பங்கும் அமெரிக்கருக்கு 45 பங்கும் உடைய கூட்டு ஸ்தாபனம் அது. ஹொங்கொங்கிலிருந்து ஜப்பானியர் அணிகளுக்கு மேலாகவே அதன் விமானங்கள் பறக்கவேண்டியிருந்தது. 1938 ஆகஸ்ட் 24ஆந் திகதி, பிரயாணிகளோடு சென்ற அதன் விமானமொன்றைப் பகைவரின் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்தோரிற் பெரும்பாலோர் மாண்டனர். அதன்பின் இருளையும் முகிலையுமே துணையாகக் கொண்டு விமானிகள் பறந்தனர். நிர்மலமான வானம் அவர்களுக்குப் பகை. மழைமூட்டம் அவர்களுக்கு உறவு.

இனி நம் கதைக்கு வருவோம். 1941ஆம் ஆண்டு மே மாதம் கொம்பனியின் டி.சி. 3 ரக விமானமொன்று சுயிபூவில் தரையில் நின்றபோது ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதன் வலப்புற இறக்கை நாசமாயிற்று. டி.சி. 3 என்றவுடன் அந்நியப் பொருளென்று எண்ணவேண்டாம். 1947இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயர் சிலோன் முதன்முதற் பறக்கவிட்ட டக்கோட்டா இவ்வினத்ததே. நம் முதியோர் பலர் அதில் ஏறியும் இருப்பர்.

மாற்று இறக்கைக்கு எங்கே போவது? டி.சி. 3க்குரிய இறக்கை கொம்பனியிடம் இல்லை. ஹொங்கொங்கில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் முந்திய மாதிரியான டி.சி. 2 விமானத்துக்கு உரியது. டி.சி. 2இன் இறக்கைகள் நுனிக்கு நுனி 85 அடி, டி.சி. 3க்கு 95 அடி. எனவே பக்கத்துக்கு ஐந்து அடி குறைவு. ஆயினும் பின்னது முன்னதிலிருந்து வளர்ந்த வடிவம். இறக்கை உடலோடு பொருந்தும் இடம் இரண்டிலும் ஒத்திருந்தது. "பொருந்துமாயின் பறக்கலாம்" என்று துணிந்தனர், பழுதுபார்க்கும் பகுதியின் தலைவர் சொல்டின்ஸ்கியும் அவர்தம் தொழிலாளரும்.

அவ்விறக்கையைச் சுயிபூவுக்குக் கொண்டுசெல்வது எப்படி? விமானத்தின் உள்ளே அது அடங்காது. தரைவழியோ பகைவர் கையில். ஆகவே வேறொரு விமானத்தின் வயிற்றின்கீழ் அதனை நீளவாட்டிற் பிணைத்தார்கள். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல, ஏறக்குறைய 900 மைல் தூரத்துக்கு அவ்விமானம் அதனைச் சுமந்து சென்றது. கீழே தொங்கும் பாரம் காற்றைத் தடுக்கும், வேகத்தைக் குறைக்கும், பெற்றோலையும் கூடுதலாகக் குடிக்கும். பகைவர் விமானம் எதிர்ப்பட்டால் தப்பியோட வழியில்லை. அந்த விமானி எவ்வளவு நெஞ்சுரம் உடையவராயிருந்திருத்தல் வேண்டும்!

சுயிபூவில் இறக்கையைக் கழற்றிக் காயமுற்ற விமானத்திற் பூட்டினார்கள். ஆணித்துளைகள் பொருந்தின. ஒருபுறம் நெடிய இறக்கை, மறுபுறம் குறுகிய இறக்கை! விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதன் ஆபத்தை உடனே உணர்வர். இறக்கையின் பரப்புக் குறைந்தால் காற்று அதனை மேலே தூக்கும் விசையும் குறையும். ஆதலின் குறுகிய பக்கமாக விமானம் சரியப் பார்க்கும். அச்சரிவை, இறக்கைகளின் பின்னோரத்தில் அசையும் சிறு தட்டுகளைத் திருப்பி விமானி ஓயாது ஈடுசெய்தல் வேண்டும். வாகடங்களில் இல்லாத வைத்தியம் இது. ஆயினும் விமானம் எழும்பிற்று. ஹொங்கொங்கைச் சேமமாக அடைந்தது. இரண்டுமன்றி மூன்றுமன்றி நின்ற அதற்கு "டி.சி. இரண்டரை" என்ற பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் ஹொங்கொங்கும் பகைவர் கைப்பட்டது. பின்னர் அசாமிலிருந்து இமயமலைத் தொடர்களைத் தாண்டிச் சீனத்துக்குப் பொருள் சென்றதும், யுத்தம் முடியுமுன் ஏறக்குறைய ஆறரை இலட்சம் தொன் அவ்வழியே போனதும் பலர் அறிந்தவை. அவ்வழியில் மாண்ட விமானிகளைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. சுயிபூவிலே ஆணி முடுக்கிய தொழிலாளரின் பெயரை எத்தனை நூல்கள் கூறுகின்றன? எனக்கு இது பெரும் மனக்குறை.

"மதுவை மறந்துவிட்டீரே!" என்று நண்பர் குறுக்கிடுவார். யீபினின் பெரும் புகழே வூலியாங்யே என்னும் மதுவால் வந்ததாகும். பெயரே ஐந்து தானியத்தைக் குறிக்கும். இறுங்கு, அரிசி, சமைத்தால் பசைபோல் ஒட்டும் அரிசி, கோதுமை, சோளம் ஆகிய ஐந்தையும் அவித்து, கோதுமையிற் செய்த ஒருவகைப் புளிப்பூட்டியைக் கலந்து, மண்குழிகளில் இட்டு மூடிவிடுவர். மிங் அரசர் காலத்துக் குழிகள் சில இன்றும் பயன்படுகின்றன. குழி பழையதாக ஆக மது சிறக்கும். ஏனெனில் அச்சேற்றிலே கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வாசனையை உண்டாக்குகின்றன. குழியைப் புதிதாக வெட்டிவிடலாம். அதன் வயதை வெட்டி எடுக்க இயலுமோ?

புளித்த தானியத்தை ஆவியில் வடித்துப் பெறுவதே இம்மது. நூற்றுக்கு 52 பாகம் சாராயச் சத்து உடையது. எனவே சிறு கிண்ணத்திலே துளித்துளியாகச் சுவைப்பர். முதலில் நிறமின்மையைப் பார்த்து, பின் முகர்ந்து, அதன்பின்னரே நாவில் வைப்பது சுவைஞர் முறை. அன்னாசிப் பழம் போன்றதொரு நறுமணம் அதில் எழும் என்பர். மது தொடாத என் போன்றோர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதனாற் குற்றமில்லை. வெறுங்கிண்ணத்திலும் வாசனை நெடுநேரம் நிற்குமாம்.

2019இல் யீபினில் புதிய விமான நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் என்னவென்று நினைக்கிறீர்கள்? வூலியாங்யே விமான நிலையம்! நண்பருக்கு இதில் அளவிலா மகிழ்ச்சி; விமானமும் மதுவும் ஒரே பலகையில் எழுதப்பட்டுவிட்டன அல்லவா? இரண்டரை விமானத்தின் பெயரையே சூட்டியிருக்கலாமே என்றேன் நான். "ஒருபுறம் குட்டையான இறக்கையின் பெயரைக் கண்டால் எவன் ஐயா விமானம் ஏறுவான்?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.