வேலைநாளில் இடைவேளை

கொழும்பிலுள்ள கிராண்ட்பாஸ் என்னும் பெயர், பெருங்கடவை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்களின் வழி வந்தது. களனி கங்கையைக் கடக்கும் துறை அங்கே இருந்தது. 1822இல் படகுகளைப் பிணைத்து அங்கு பாலம் அமைத்தனர். ஓடங்கள் செல்வதற்காக அதன் ஒரு பகுதி திறக்கப்படும்போது, வண்டிக்காரர் எத்துணை அவசரமாயினும் காத்திருக்கவே வேண்டும். 1895இல் விக்டோரியா பாலம் எழுந்தது. காத்திருப்பு ஒழிந்தது, கட்டாய இளைப்பாறலும் உடன் ஒழிந்தது.

பின்னர் ஓய்வைச் சட்டமே தரவேண்டியதாயிற்று. 1919இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு கைத்தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி என விதித்ததோடு, உணவு இடைவேளைக்கும் வழிசெய்தது.

ஆயினும், மேசையிலேயே சோற்றுப் பொதியை அவிழ்த்து, மறுகையாற் பேரேட்டையோ கைத்தொலைபேசியையோ புரட்டுபவர் அவ்விடைவேளையைத் தாமே முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். (இதனைச் சுறுசுறுப்பென மெச்சும் மேலதிகாரிகளும் உளர்!) களைத்த கண் கணக்கிற் பிழைவிடும், பிழை திருத்துவதிலேயே மாலைப்பொழுது கழியும். பத்து நிமிடமேனும் வெளியே நடந்து, உடன் வேலைசெய்வோருடன் வேலையல்லாத ஒன்றைப் பேசிச் சிரித்தவரோ பிற்பகலைத் தெளிந்த மனத்துடன் தொடங்குகிறார். மாலையில் வீட்டாருடன் பேசவும் அவருக்குச் சிறிது உற்சாகம் எஞ்சியிருக்கிறது.