பத்து சென்ட் காசும் 42 மாடியும்

42 மாடி உள்ள ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்தித் தெரியுமா? சரியாச் சொன்னால் அது பல்கலைக்கழகக் கட்டடம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்பு, எஃகு ஆலைகளுக்குப் பேர் போன ஊர். பல நாடுகளில் இருந்து பிழைக்க வந்த ஜனங்கள் அந்த ஆலைகளில் வேலை பார்த்தார்கள். 1921-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக ஜான் பௌமன் என்பவர் வந்தார். வகுப்பறைகள் போதவில்லை. வானளவு உயர்ந்த ஒரே கட்டடமாகக் கட்டுவோம் என்றார் அவர். இவ்வளவு உயரம் எதுக்கு என்று எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் அவர் விடவில்லை. சார்லஸ் கிளாடர் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். 1926-இல் வேலை தொடங்கியது.

பணத்துக்கு என்ன செய்வது? பணக்காரர்களும் கம்பெனிகளும் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளிடமும் கேட்டார்கள். ஒரு செங்கல்லுக்குப் பத்து சென்ட், அதாவது ஒரு டாலரில் பத்தில் ஒரு பங்கு. காசை அனுப்பும்போது அதை எப்படிச் சம்பாதித்தோம் என்று கடிதமும் எழுத வேண்டும். பதிலுக்கு ஒரு சான்றிதழ் வரும். இப்படி ஏறக்குறைய 97,000 பிள்ளைகள் கொடுத்தார்கள்!

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்குப் பத்து சென்ட் என்றால் 9,700 டாலர்தான் வருகிறது. அதை வைத்து 42 மாடி கட்ட முடியாது. பிறகு ஏன் கேட்டார்கள்? "இது எங்க கட்டடம்" என்று ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1929-இல் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அப்படியும் வேலை நிற்கவில்லை. 1931-இல் முதல் வகுப்பு நடந்தது. 1937-இல் கட்டடம் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. உயரம் 535 அடி. அறுபதடித் தென்னை மரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஒன்பது வைத்தாலும் அதைவிடக் கொஞ்சம்தான் உயரும்! பெயர் 'கதீட்ரல் ஆஃப் லேர்னிங்', அதாவது கல்விப் பேராலயம். ஆலைப் புகையால் கறுத்துப்போன அதன் சுவர்களை 2007-இல் சுத்தம் செய்தார்கள். உள்ளே பல நாட்டுப் பண்பாட்டைக் காட்டும் 31 அறைகள் உள்ளன. நாளந்தாவின் சாயலில் அமைத்த இந்திய அறை 2000-இல் திறக்கப்பட்டது.

இதை எங்க அப்பத்தாவிடம் சொன்னேன். அப்பத்தா சிரித்தது. "நம்மூரு பள்ளிக்கூடத்து ஓட்டுக் கட்டடத்துக்கு ஊரே சேந்துதான்டி மண்ணு சுமந்துச்சு. மேக்குச் சுவத்துல நான் சும்மாடு கட்டிச் சுமந்த மண்ணும் இருக்கு" என்றது. அப்பத்தா ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. அதுக்கு ரசீதும் இல்லை, சான்றிதழும் இல்லை.

அந்த மேற்குச் சுவரில்தான் நாம் காம்பஸால் பேரைக் கிறுக்கி வைத்திருக்கிறோம். நானும் ஆறாம் வகுப்பில் கிறுக்கியிருக்கிறேன். இனிமேல் செய்ய மாட்டேன். நீங்களும் செய்யாதீங்க. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது மண் சுமந்தாங்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி