வீட்டு மாடியில் சூரிய மின்சாரம்: தகடு வாங்குவோர் கவனத்திற்கு

சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் தகடுகளைத் தம் வீட்டு மாடியில் அமைத்துக்கொள்ள வேண்டுமென்ற ஆவல் குடும்பஸ்தர்களிடையே பெருகி வருகிறது. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த 'பிரதம மந்திரி சூரிய வீடு' திட்டம் இவ்வாவலுக்கு ஊக்கமளித்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரையில் மானியமென அத்திட்டம் வகுத்தது. முயற்சி போற்றத் தக்கதே. ஆனால் மானியம் போக எஞ்சிய தொகை குடும்பத்தின் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் வரவேண்டும். இன்று பொருத்தும் தகடு 25 வருஷம் உழைக்க வேண்டியது. விற்பவரின் வாக்கை மாத்திரம் நம்பி இக்காரியத்தில் இறங்குவது விவேகமாகாது.

முதலில் வீட்டின் தேவையைக் கணக்கிட வேண்டும். 75 வாட் மின்விசிறிகள் இரண்டு நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 1.8 யூனிட் செலவாகும். விளக்குகள், தொலைக்காட்சி, சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்றரை யூனிட்டுக்குள் அடங்கும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு தினம் சராசரியாக 4 யூனிட் தருமாதலால், இச்சிறு குடும்பத்திற்கு அதுவே போதும். 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறிகளை மாட்டினாலோ, தேவையே ஒரு யூனிட்டுக்கு மேல் குறைந்துவிடும். செலவைச் சுருக்கிய பின்னரே தகட்டின் அளவைத் தீர்மானிப்பது உசிதம்.

அடுத்தது தகட்டின் ஜாதி. ஒற்றைப் படிக சிலிக்கன் தகடு தன்மீது விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மின்சாரமாக்குகிறது. பல்படிகத் தகடு 15 முதல் 17 பங்கு வரையில்தான் மாற்றும். கிலோவாட் ஒன்றுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் தேவைப்படுவதால், குறுகிய மாடியுடையோர் முதல் வகையை நாடுவதே நலம்.

தகட்டின் முதுகில் அச்சிட்ட வாட் கணக்கைக் கண்டு மயங்கலாகாது. அது தகட்டின் உஷ்ணம் 25 டிகிரியாக இருக்கும்போது சோதனைச் சாலையில் அளந்த கணக்கு. நமது சித்திரை வெயிலிலோ தகடு 60 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்திற்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை உற்பத்தி குன்றும். ஆகவே உச்சிப் பொழுதில் எட்டில் ஒரு பங்கு போய்விடக் கூடும். இந்த உஷ்ண நஷ்டம் குறைவான தகட்டையே கேட்டு வாங்க வேண்டும். கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட்டத்திற்கு இடம் விடுவதும் அவசியம்.

நிழல் இதனினும் பெரிய சத்துரு. தகட்டின் அறைகள் சங்கிலிபோல் தொடர்ந்திருப்பதால், ஒரு மூலையில் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாத இடத்தில், தெற்கு நோக்கி, சிறு சாய்வோடு தகட்டை நிறுத்துவது முறை.

மானியம் கோருவோர் இந்தியாவிலேயே செய்த சிலிக்கன் அறைகள் கொண்ட தகட்டையே வாங்க வேண்டுமென்பது திட்டத்தின் நிபந்தனை. நம் தொழிலாளருக்கு வேலை தரும் இந்நிபந்தனையை நாம் வரவேற்கிறோம். எனினும் சுதேசிப் பொருள் என்பதற்காகத் தரத்தைச் சோதியாமல் விடலாகாது. இந்தியத் தர நிர்ணய முத்திரை உண்டா, கடலோரவாசிகளாயின் உப்புக் காற்றைத் தாங்குமெனச் சோதித்த சான்று உண்டா, உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உற்பத்திக்கு 25 வருஷ உத்தரவாதம் என்பது வேறு, பொருளின் பழுதுக்கு 10 அல்லது 12 வருஷ உத்தரவாதம் என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிப் பேசும் வர்த்தகரிடம் ஜாக்கிரதை அவசியம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்தடையின்போதும் விளக்கெரிய வேண்டுமென்போர் பாட்டரிக்கும் அதற்கேற்ற இன்வெர்ட்டருக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விசாரித்து, இரண்டு மூன்று இடங்களில் விலைப் பட்டியல் எழுதி வாங்கி ஒப்பிட்ட பின்னரே குடும்பஸ்தர்கள் முன்பணம் கொடுக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.