நாலடித் தண்ணீரில் நொறுங்கும் கழுத்து

நீச்சல் குளம் என்றாலே நம் பயமெல்லாம் ஆழமான பக்கத்தின் மேல்தான். அங்கே கயிறு கட்டுகிறோம், பிள்ளைகளை "அந்தப் பக்கம் போகாதே" என்று அதட்டுகிறோம். ஆனால் தலைகுப்புற விழுபவரின் கழுத்தை நொறுக்குவது ஆழம் குறைந்த பக்கம். மூன்று, நாலு அடித் தண்ணீர் விழும் வேகத்தைத் தணிக்கப் போதாது. தலை நேராகத் தரையில் மோதும்.

விளிம்பில் நடப்பது

ஈர டைல்ஸ், மூலையில் படிந்த பாசி, உடம்பில் பூசிய எண்ணெய், பின்னால் நகர்ந்தபடியே செல்ஃபி, பண்ணை வீட்டு விருந்தில் உள்ளே போன மது: விழுவதற்கு இவையே போதும். "சும்மா விளையாட்டுக்கு" முதுகில் கை வைத்துத் தள்ளுவதை மட்டும் நான் விபத்துக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தலை தரையில் முட்டி நிற்க, பின்னால் வரும் உடலின் எடை முழுவதும் கழுத்தில் இறங்குகிறது. பெரும்பாலும் உடைவது ஐந்தாவது அல்லது ஆறாவது கழுத்து முள்ளெலும்பு. உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்கினால் கை கால்கள் அந்த நொடியே செயலிழக்கலாம். அடி இன்னும் மேலே பட்டால் மூச்சை இயக்கும் உதரவிதானமும் நின்றுவிடும். நினைவு தெளிவாக இருந்தும், எழுந்து நின்றால் மார்பளவே வரும் தண்ணீரில், முகத்தைத் திருப்ப முடியாமல் ஒருவர் மூழ்குவது இப்படித்தான். எத்தனை வருட நீச்சல் பழக்கம் இருந்தாலும் அப்போது உதவாது.

சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை வடித்துவிட்ட குளம் இன்னும் மோசம். அதில் விழுவது மாடியிலிருந்து சிமென்ட் தரையில் விழுவதற்குச் சமம். காலூன்றி விழுந்து குதிகால் எலும்பு உடைந்தவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பையும் மருத்துவர்கள் சோதிப்பார்கள்; இரண்டும் சேர்ந்து உடைவதுண்டு.

குழந்தை கத்தாது

மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கூப்பிடும் என்பது சினிமா. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சு இழுக்கவே நேரமிருக்காது, கத்துவது எப்படி? ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடலாம். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடங்கள் கடந்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

பிரான்சில் 2003-ல் வந்த சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, எச்சரிக்கை மணி, கூண்டு ஆகியவற்றில் ஒன்றையாவது கட்டாயமாக்கியது. என்னைக் கேட்டால் வேலிதான் முதலில். அதுவும் நாலு பக்கமும், தானே சாத்திக்கொள்ளும் கதவோடு. மூன்று பக்கம் வேலியும் நாலாவது பக்கம் வீட்டுச் சுவரும் என்றால், வீட்டுக்குள்ளிருந்து தவழ்ந்து வரும் குழந்தையைத் தடுக்க எதுவும் இல்லை. வாசலில் மூடி திறந்து கிடக்கும் சம்ப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தூக்குவதற்கு முன்

நீந்தத் தெரியாதவர் குதித்தால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும். நீளமான கம்போ துண்டோ நீட்டுங்கள். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் பெண்கள் மூவர் சேலையை அவிழ்த்து வீசியே இளைஞர்கள் இருவரை மீட்டார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

தலை மோதியவரை அக்குளில் கை கொடுத்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அவருடைய இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, காதுகளோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க மல்லாக்கத் திருப்ப வேண்டும். மூச்சு இருந்தால் அப்படியே மிதக்க விட்டுப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தாங்கும் பலகை வந்ததும் வெளியே எடுக்கலாம். மூச்சு இல்லையென்றால் கழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே கரையேற்ற வேண்டும்.

வயிற்றை அமுக்காதீர்கள்

தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவது, வயிற்றில் அமுக்கித் தண்ணீரை எடுப்பது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அதனால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூழ்கியவரின் இதயம் நிற்பது மூச்சு கிடைக்காததால். ஆகவே முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முதல் ஐந்து முறை மூச்சு கொடுங்கள். பிறகு நடுமார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். பெரியவர்களுக்கு மார்பு ஐந்து சென்டிமீட்டர் இறங்க அழுத்த வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

எழுந்து உட்கார்ந்த பிறகு

"ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும், இருமல் நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால் மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலுக்குள் போன கொஞ்சம் தண்ணீர்கூட நேரம் கழித்துத் திணறலைக் கொண்டுவரலாம். கழுத்து வலி, விரல்களில் மரமரப்பு இருந்தால் நடக்க விடாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர் விளிம்பில் தலை இடித்துக்கொண்டால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் சி.டி. ஸ்கேன் அவசியம், மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில நாள் கழித்தே தலைவலியாகவோ குழப்பமாகவோ வெளிப்படலாம். அவர் உண்மையிலேயே வழுக்கித்தான் விழுந்தாரா, வலிப்போ சர்க்கரை குறைவோ மயக்கமோ வந்து விழுந்தாரா என்பதையும் மருத்துவர் கேட்பார். பக்கத்தில் நின்று பார்த்தவரை உடன் அழைத்துப் போங்கள்.