காது எழுதிய ஆங்கிலம் – 17: டூலாலி

'விலாயத்தி' என்ற இந்துஸ்தானிச் சொல் பிரிட்டிஷ் சிப்பாய் வாயில் 'பிளைட்டி' ஆகி, அவன் சொந்த நாட்டுக்கே செல்லப்பெயரான கதை போன வாரம் முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். லண்டன் போலீஸ்காரருக்கு 'பாபி' என்று பெயர் வந்த விதத்தை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். புதன்கிழமை காலை வரை அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். அதற்குள் டூலாலி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருவருக்கு மரை கழன்றுவிட்டால் பிரிட்டனில் இன்றும் 'கான் டூலாலி' என்பார்கள். எழுதும்போது டி, அடுத்து இரண்டு ஓ, ஓர் எல், ஓர் ஏ, மறுபடி இரண்டு எல், கடைசியில் ஒய். யாரோ தொட்டிலை ஆட்டி லாலி பாடுகிற மாதிரி இருக்கிறது. பார்த்தால் அது ஒரு ரயில் நிலையம்! மகாராஷ்டிரத்தில் நாசிக்கை ஒட்டிய தேவளாலி. மராத்தியில் முதலில் ளா, பிறகு லி. நம் எழுத்தில் பிசகாமல் எழுதிவிடலாம். ஆங்கிலத்துக்கு ள வராது. ராணுவக் காகிதங்களில் 'தியோலாலி' ஆயிற்று. காகிதத்தைப் பார்க்காமல் காதில் வாங்கிய சிப்பாய் அதை டூலாலி ஆக்கினான்.

1861-ல் அங்கே ஒரு ராணுவ முகாம் வந்தது. சர்வீஸ் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்களை, பம்பாயில் கப்பலேற்றும் வரை அங்கேதான் தங்கவைப்பார்கள். துருப்புக் கப்பல்களோ குளிர்காலத்தையொட்டிய மாதங்களில் மட்டும்தான் ஓடும். மார்ச்சில் கடைசிக் கப்பல் போன பிறகு வந்து சேர்ந்தவன் கதியை நினைத்துப் பாருங்கள். கோடை முழுக்க, மழைக்காலம் முழுக்க, வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு கையில் இருக்கிறது, வண்டிதான் இல்லை. இந்தியாவிலும் பர்மாவிலும் சிப்பாயாக இருந்த ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ், 1936-ல் வெளியான 'ஓல்ட் சோல்ஜர் சாஹிப்' புத்தகத்தில் இந்த முகாமைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சலிப்பில் ஆட்கள் நடந்துகொண்ட விசித்திரத்தால்தான் சொல் பிறந்தது என்பது அவர் கட்சி. நானும் அவர் கட்சிதான்.

முதலில் அது இரட்டைச் சொல்: 'டூலாலி தப்'. தப் என்றால் இந்துஸ்தானியில் காய்ச்சல். நம் 'தாபம்' இருக்கிறதே, அதே வேர். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால், தண்ணீர்க் குழாய்க்கும் தட்டுவதற்கும் அவர்கள் வைத்திருக்கும் 'டேப்' என்ற சொல்லின் அதே மூன்று எழுத்து. இந்தி தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு அது என்ன புரியும்? உதிர்ந்துவிட்டது. காய்ச்சல் விட்டது, ஊர்ப்பெயர் மட்டும் நின்றது.

பைத்தியத்துக்கு ஊர்ப்பெயர் வைப்பது நமக்கும் பழக்கம்தான். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் விளக்கம் வேண்டாம். ஆனால் கீழ்ப்பாக்கத்துக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஓர் ஆஸ்பத்திரி. தேவளாலி செய்த குற்றம், அங்கிருந்து கப்பல் கிடைக்காததுதான்.

டூலாலியைத் தேடி 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டியபோது கண்ணில் பட்டது 'கஞ்சி ஹவுஸ்'. 1886-ல் வந்த அகராதி அது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் அச்சாவதைப் பார்க்காமலே 1882-ல் இறந்துபோனார். கஞ்சி ஹவுஸ் என்றால் படைப்பிரிவின் லாக்கப். உள்ளே போனவனுக்குக் கஞ்சிதான் சாப்பாடு என்பதால் அந்தப் பெயர். சாட்சாத் நம் கஞ்சியேதான்! ஜெயிலுக்குப் போகிறவனை 'களி தின்னப் போறான்' என்கிறோம் நாம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கஞ்சி. இந்தச் சொல் வடக்கே போய், தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கும் பவுண்டுக்குப் பெயராகிவிட்டது. இந்தியில் இன்றும் 'காஞ்சி ஹவுஸ்' என்றால் அதுதான். அந்த மாடுகள் கஞ்சியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. இரண்டு நாளாக வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கே டூலாலி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

பாபிக்கு இடம் போயிற்று. 1829-ல் லண்டன் மாநகரப் போலீஸை அமைத்தவர் ராபர்ட் பீல். அவர் பெயரின் முன்பாதியிலிருந்து 'பாபி', பின்பாதியிலிருந்து 'பீலர்'. அந்த இரண்டும் அடுத்த வாரம், இந்த முறை நிச்சயம். அதற்குள், வடக்கே வேலை பார்த்த வாசகர்கள் யாராவது காஞ்சி ஹவுஸில் பணம் கட்டி மாட்டை மீட்டிருந்தால், தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள்.