உங்களுக்குத் தெரியுமா? பழுதே இல்லாத விமானமும் மலையில் மோதும்!

2015 ஜூன் 25. அமெரிக்காவின் அலாஸ்காவில் கெட்சிக்கன் துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பலில் வந்த 8 பயணிகள், மிஸ்டி ஃபியோர்ட்ஸ் மலைகளையும் ஏரிகளையும் பார்க்கச் சிறிய மிதவை விமானத்தில் ஏறினார்கள். திரும்பும் வழியில், மேகம் மூடிய மலைச்சரிவில் விமானம் மோதியது. விமானியோடு சேர்த்து 9 பேரும் இறந்தார்கள்.

எஞ்சின் நின்றுவிடவில்லை. விமானம் கட்டுப்பாட்டை இழக்கவும் இல்லை. கண்ணால் தரையைப் பார்த்தே ஓட்ட வேண்டிய பயணத்தில், தரை மேகத்துக்குள் மறைந்துவிட்டது. கெட்சிக்கன் திரும்ப, தண்ணீருக்கு மேலாகச் சுற்றிவரும் நீண்ட வழியும் மலைகளுக்கு ஊடாக வரும் குறுக்கு வழியும் உண்டு. அன்று விமானம் வந்தது குறுக்கு வழியில்.

நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இருந்தது. ஆனால் அதன் ஒலி அடக்கப்பட்டிருந்தது. தரையிலிருந்து 500 அடி உயரம் வரை தாழப் பறக்க விதி அனுமதித்தது. கருவியோ 700 அடிக்குக் கீழே வந்தாலே அலறும்படி அமைக்கப்பட்டிருந்தது. தினமும் வீணாக அலறியதால், விமானிகள் அதை அடக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது.

மோசமான வானிலையிலும் பறப்பதை மறைமுகமாக ஊக்குவித்த, விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் சூழலையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சுட்டியது. கப்பல் புறப்படும் நேரத்துக்குள் பயணிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற அவசரமும் அந்தச் சுற்றுலா விமானத் தொழிலில் இருந்தது.

மலைப்பகுதியில் இந்த அவசரம் ஏன் ஆபத்து? மலைக்கு மேகம் எங்கிருந்தோ மிதந்து வர வேண்டும் என்பதில்லை. ஈரக் காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே மேகமாகும். தெளிவாகத் தெரிந்த கணவாய் சில நிமிடங்களில் அடைபட்டுவிடும். குறுகிய பள்ளத்தாக்கில் விமானத்தைத் திருப்பவும் இடம் போதாது.